வரிசைத் தட்டில் ஒரு துரியன்

திருத்தங்கல் சங்கரலிங்கம் அண்ணாச்சிக்கு ஊரில் மரியாதை வந்தது இரண்டு விஷயங்களால். ஒன்று அவருடைய அச்சகம், இன்னொன்று அவருடைய மூக்கு. அச்சகத்தை இப்போது மகன் மணிகண்டராஜ் பார்த்துக்கொள்கிறார். மூக்கை அவரேதான் வைத்து நடத்திக்கொண்டிருந்தார், அது செத்துப்போய்ச் சில வருடங்கள் ஆன பிறகும்.

நான் அந்த வீட்டுக்குப் போனது மூக்குக்காக அல்ல, இடுப்புக்காக. அச்சகத்தில் தரையில் கிடந்த வழவழப்பான லேபிள் ஒன்றை மிதித்து வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார் அண்ணாச்சி. மதுரையில் ஆபரேஷன் முடிந்து வந்ததும், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பயிற்சி எடுத்தவள் என்று கேள்விப்பட்டு என்னை அழைத்தார்கள். காலையில் போவேன், விளக்கு வைக்கும் முன் திரும்பிவிடுவேன். குளிப்பாட்டுவது, வாக்கரைப் பிடித்து நடக்க வைப்பது, மாத்திரை கொடுப்பது, சர்க்கரை பார்ப்பது. வேலை அவ்வளவுதான். மனுஷர் சொன்ன பேச்சைக் கேட்பவர் என்பதால் கஷ்டமும் இல்லை.

அவருடைய மூக்கின் பெருமையை முதல் நாளே மருமகள் யோகேஸ்வரி சொல்லிவிட்டாள். பஜாரில் நெய் டின்னைத் திறந்தால் மூடியை மட்டும் அவரிடம் காட்டுவார்களாம். எந்த ஊர் நெய், அதில் என்ன கலந்திருக்கிறது என்று சொல்லிவிடுவாராம். கல்யாண வீடுகளில் சமையல்காரர்கள் கரண்டியோடு வந்து நிற்பார்களாம். ஒரு மோப்பம் பிடித்து, "காயம் பத்தாது" என்று அவர் சொல்லிவிட்டால் பத்தாதுதான். யோகேஸ்வரி கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சாம்பாரை அவர் மோந்து பார்த்த பிறகுதான் இறக்குகிறாளாம்.

போன முதல் வாரத்திலேயே அடுப்பில் பால் தீய்ந்துபோனது. வீடு முழுக்க நாற்றம். அண்ணாச்சி அடுக்களைக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, டிகாஷன் இன்றைக்கு நன்றாக இறங்கியிருக்கிறது, மணக்கிறது என்றார். அன்றைக்கு டிகாஷனே போடவில்லை. எனக்குச் சந்தேகம் வந்தது. அவர் கண்ணை மூடிக்கிடந்த நேரமாகப் பார்த்து, பெருங்காய டப்பாவைத் திறந்து மூக்குக்குக் கீழே பிடித்தேன். என்ன வாசனை என்று கேட்டேன். "மல்லியப்பூ" என்றார்.

பிறகு ஒப்புக்கொண்டார். கொரோனாக் காய்ச்சலில் வீட்டில் எல்லோருக்கும் வாசனை போயிற்று. மற்றவர்களுக்குத் திரும்பி வந்தது, இவருக்கு வரவில்லை. இத்தனை நாள் எப்படிச் சமாளித்தார் என்று கேட்டேன். வித்தை எளிது. மோந்து பார்ப்பதுபோலக் குனிந்து, கொண்டுவந்தவர் முகத்தைப் பார்ப்பாராம். சமையல்காரன் முகத்தில் பயம் தெரிந்தால் "காயம் பத்தாது". நெய்க்காரன் கண் அங்கும் இங்கும் அலைந்தால் "கலப்படம்". பெரும்பாலும் சரியாகவே இருந்திருக்கிறது.

"வெளிய சொல்லிராத சோலை," என்றார். "அச்சாபீஸும் போச்சு, நடையும் போச்சு. மூக்காவது இருக்குன்னு வீட்ல நெனச்சுக்கிட்டு இருக்காங்க."

இடுப்புதான் என் பொறுப்பு, மூக்கு இல்லை என்று சொன்னேன். ஆனால் கேஸ் அடுப்பு இருக்கும் இடத்துக்கு அவர் தனியாகப் போகக் கூடாது என்று ஒரு நிபந்தனை போட்டேன். சரி என்றார்.

அந்த வீட்டில் அப்போது எல்லோருக்கும் இருந்த ஒரே கவலை பேரன் தருண்குமாரின் கல்யாணம். பையன் நல்லவன், அச்சகத்தில் உழைப்பவன், உருண்டையாக இருப்பான். அவனிடம் இருந்த ஒரே கோளாறு, பெண் பார்க்கப் போன இடத்தில் கேசரியை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிடுவான். பெண்ணைப் பற்றிக் கேட்டால் கேசரியைப் பற்றிச் சொல்லுவான். வரன்கள் தட்டிக்கொண்டே போயின. வயது முப்பதைத் தாண்டியது. பையனுக்கு ஏதோ குறை இருக்கிறது, அதனால்தான் அமையவில்லை என்று பஜாரில் யாரோ சொல்ல, அதை எல்லோரும் சொல்ல ஆரம்பித்தார்கள். யோகேஸ்வரிக்குத் தூக்கம் போனது. கடைசியில் அண்ணாச்சியே வாக்கரோடு விருதுநகருக்குப் போய், ஒரு பருப்பு வியாபாரி வீட்டில் பேசி முடித்தார். பெண் பெயர் கீர்த்திகா. கேசரி கேட்ட மாப்பிள்ளையை அவளுக்குப் பிடித்திருந்ததாம். ஆனி மாதத்தில் நிச்சயதார்த்தம் என்று முடிவாயிற்று. இது நல்லபடியாக முடிந்தால் போதும், மறுபடியும் அந்தக் குறைப் பேச்சு கிளம்பக் கூடாது என்பதுதான் வீட்டில் எல்லோருடைய வேண்டுதலும்.

இனி அந்தப் பழத்துக்கு வருகிறேன்.

அழகுமீனா என்று ஒருத்தி. சத்து மாத்திரை விற்பவள். துரியன் பழத்தைக் காயவைத்துப் பொடியாக்கி அடைத்த மாத்திரை என்று ஒன்றைக் கொண்டுவந்தாள். ரத்தம் ஊறும், தூக்கம் வரும், மூட்டு மடங்கும், முடி வளரும் என்று வரிசையாகச் சொல்லுவாள். அந்த டப்பாவுக்கு லேபிள் அடிக்கிற ஆர்டர் அண்ணாச்சி அச்சகத்துக்குத்தான் வந்தது. படம் வரைகிற பையன் துரியனைக் கண்ணால் பார்த்ததில்லை. பட்டாசுப் பெட்டிக்கே படம் போட்டுப் பழகிய கை அது. பழத்தின் முள்ளிலிருந்தெல்லாம் பூவாணம் போலப் பொறி பறக்க விட்டுவிட்டான். கீழே 'பழங்களின் ராஜா' என்று கொட்டை எழுத்து.

பட்டாசுப் பெட்டியின் மேல் தெரிகிற பூ, உள்ளே இருக்கும் வெடியில் வராது என்பது அண்ணாச்சிக்குத் தெரியாததல்ல. அவரே அடித்தவர்தான். ஆனாலும் இந்த லேபிளை நம்பினார். தன் மிஷினில் அச்சானது பொய்யாக இருக்காது என்பது அவர் எண்ணம். காலை ஒன்று, மாலை ஒன்று போட ஆரம்பித்தார். நான் டப்பாவை டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதில் எழுதியிருக்கிற எதற்கும் ஆதாரம் இல்லை, இந்தப் பொடியால் கெடுதல் இருக்கிற மாதிரியும் தெரியவில்லை, ஆனால் பழமாகக் கொடுத்துவிடாதீர்கள், சர்க்கரை ஏறும் என்றார்.

அழகுமீனா பேச்சோடு பேச்சாக, வெளிநாட்டில் இந்தப் பழத்தை ரயிலில் கொண்டுபோக விடமாட்டார்கள், பெரிய ஓட்டல்களில் உள்ளேயே விடமாட்டார்கள் என்றும் சொல்லியிருக்கிறாள். ஏன் என்று சொல்லவில்லை, விற்க வந்தவள் அதையெல்லாம் சொல்லுவாளா. அண்ணாச்சி தானாக ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டார். அவ்வளவு விலை உயர்ந்த பழம், திருட்டுப் போகும் என்று பயப்படுகிறார்கள்.

நிச்சயத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் வரிசைத் தட்டு எடுத்துப் போக வேண்டும். பூ, புடவை, வெற்றிலை பாக்கு, பழம். முன்பெல்லாம் வாழைப்பழமும் சாத்துக்குடியும் போதும். இப்போது தட்டில் வைக்கிற பழத்தில்தான் போட்டி. ஒரு வீட்டில் டிராகன் பழம் வைத்தால் அடுத்த வீட்டில் கிவி. சொந்தக்காரர் ஒருவர் அவகாடோ வைத்தார். பெண் வீட்டில் அதை என்ன செய்வதென்று தெரியாமல் ஊறுகாய் போட்டுவிட்டார்கள். யாருமே வைக்காத பழம் ஒன்றை வைக்க வேண்டும் என்று அண்ணாச்சி தீர்மானித்தார். ராஜாவையே வைத்துவிட முடிவு செய்தார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்துப் பெண்களுக்குத் துரியன் என்றால் என்னவென்று நன்றாகத் தெரியும். குற்றாலத்தில் சீசன் நேரத்தில் விற்கும். கல்யாணமாகிக் குழந்தை இல்லாத மருமகளை மாமியார் சாரலுக்குப் போகலாம் என்று சொல்லிக் கூட்டிப்போய், யாருக்கும் தெரியாமல் வாங்கிக் கொடுப்பாள். புருஷனுக்கும் ஒரு சுளை. மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கிவிட்டு வருவார்கள். சாப்பிட்டுப் பெற்றவர்களையும் பார்த்திருக்கிறேன், சாப்பிட்டும் பெறாதவர்களையும் பார்த்திருக்கிறேன், சாப்பிடாமலே வரிசையாகப் பெற்றவர்களையும் பார்த்திருக்கிறேன். அது இருக்கட்டும். இதெல்லாம் மாமியார்களுக்குள் இருக்கிற விஷயம். அண்ணாச்சி மாதிரிப் பெரிய ஆண்களிடம் யாரும் சொல்லுவதில்லை. அவர் மனைவி பாலம்மாள் உயிரோடு இருந்திருந்தால் ஒரே வார்த்தையில் நிறுத்தியிருப்பார்.

அச்சகத்து வண்டி ஓட்டுகிற காளீஸ்வரன் தென்காசிக்கு நோட்டுப் புத்தக லோடு கொண்டுபோனபோது, திரும்புகிற வழியில் குற்றாலத்தில் ஒரு துரியன் வாங்கி வரச் சொன்னார் அண்ணாச்சி, யாரிடமும் சொல்லாதே என்றும் சொன்னார். பழக்கடைக்காரர் காளீஸ்வரனைப் பார்த்து, எத்தனை வருஷமாகக் குழந்தை இல்லை என்று அனுதாபமாகக் கேட்டிருக்கிறார். அவனுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை. பழம் எதற்கென்று அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. முதலாளி தனக்காகத்தான் வாங்கச் சொல்லியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டான். இந்த வயதில் எதற்கு என்றும் நினைத்திருக்கிறான். முதலாளியிடம் போய்க் கேட்கிற கேள்வியா அது? வாயை மூடிக்கொண்டான்.

பழம் அச்சகத்துக் காகிதக் கிட்டங்கியில் ஒளித்து வைக்கப்பட்டது. அங்கே வேலை செய்பவர்கள் பெருச்சாளி செத்துக் கிடக்கிறது என்று காகிதக் கட்டுகளையெல்லாம் நகர்த்தித் தேடினார்கள். அண்ணாச்சி பழத்தை வரவழைத்து, லேமினேஷன் பிலிமைச் சுற்றச் சொல்லி, அதன் மேல் ஜிகினாத் தாள், அதன் மேல் தங்க ரிப்பன், அப்புறம் ஒரு பெட்டி என்று கட்டினார். காலண்டரைக்கூட அவ்வளவு நேர்த்தியாக அவர் கட்டியதில்லை.

நிச்சயத்தன்று காரில் முன்னால் மணிகண்டராஜும் மகனும், பின்னால் யோகேஸ்வரி, நான், நடுவில் அண்ணாச்சி. பெட்டி அவர் மடியில். ஏசி போட்ட கொஞ்ச நேரத்தில் நாற்றம் கிளம்பியது. அழுகிய வெங்காயமும் கேஸும் கலந்த மாதிரி. யோகேஸ்வரி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் பழக்கம்தான். நோயாளி இருக்கிற இடத்தில் எது நாறினாலும் முதலில் எங்களைத்தான் பார்ப்பார்கள். நான் சரிபார்த்துவிட்டு, "அண்ணாச்சி சுத்தமா இருக்காக" என்றேன். மனுஷரிடமிருந்து வருகிற நாற்றம் அத்தனையும் எனக்குத் தெரியும். இது அதில் சேராது.

ஆமத்தூர் தாண்டுவதற்குள் மணிகண்டராஜ் காரை ஓரங்கட்டினார். டிக்கியில் பட்டாசுக் கம்பெனிக் கெமிக்கல் ஏதாவது கிடக்கிறதா என்று தேடினார். எங்கள் ஜில்லாவில் கந்தக நாற்றம் வந்தால் எவரும் முதலில் அதைத்தான் தேடுவார்கள். தருண்குமார் செருப்பைக் கழற்றி அடியைப் பார்த்தான். யோகேஸ்வரி தன் கொண்டையை அவிழ்த்துப் பூவை மோந்து பார்த்தாள். அண்ணாச்சி அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"என்ன நாத்தம்? எனக்கு மல்லியப்பூ வாசம்தான் வருது," என்றார்.

அதோடு தேடல் நின்றது. அந்த மூக்கே நாற்றம் இல்லை என்று சொன்ன பிறகு எவருக்கும் தன் மூக்கின் மேல் நம்பிக்கை இல்லை. சளியாக இருக்கும் என்று மணிகண்டராஜ் சொல்லிக்கொண்டார். அந்த மூக்கின் லட்சணம் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும் என்பதால், நான் பெட்டியைப் பார்த்தேன். மெதுவாகக் கேட்டேன். பழம்தான், அங்கே போனால் பார் என்றார். நிச்சய வீட்டுக்கு ஒருவர் துரியனைக் கொண்டுபோவார் என்று எனக்குத் தோன்றவே இல்லை, பலாப்பழம் கனிந்து வெடித்திருக்கும் என்று நினைத்தேன். போய் இறங்கியதும் காரிலேயே விட்டுவிட வைக்கலாம் என்று இருந்தேன். நான் வாக்கரை விரித்து நிமிர்வதற்குள் பெட்டி தருண்குமார் கைக்குப் போய், வீட்டுக்குள்ளும் போய்விட்டது.

பெண் வீட்டுக் கூடத்தில் ஜன்னல்களை அடைத்து ஏசி போட்டிருந்தார்கள். ஜமக்காளத்தில் தட்டுகள் வரிசையாக இருந்தன. அண்ணாச்சி நாற்காலியில் உட்கார்ந்தபடியே ரிப்பனை அவிழ்த்து, பிலிமைக் கிழித்து, பழத்தை எல்லாத் தட்டுக்கும் நடுவில் வைக்கச் சொன்னார். கூடத்தில் இருந்த ஆண்கள் கைக்குட்டையைத் தேடினார்கள். கீர்த்திகாவின் அப்பா மரியாதையாக, பலாவா என்று கேட்டார். பெண்கள் யாரும் எதுவும் கேட்கவில்லை. முள்ளைப் பார்த்ததும் துரியன் என்று கண்டுகொண்டு ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. யோகேஸ்வரி முகம் வெளுத்துப் போயிற்று.

கீர்த்திகாவின் அம்மா ஞானசுந்தரி எழுந்து அடுக்களைக்குள் போனவள், என்னைக் கையைக் காட்டிக் கூப்பிட்டாள்.

"அக்கா, நீங்க நர்ஸுதான? உள்ளதைச் சொல்லுங்க. மாப்பிள்ளைக்கு என்ன வைத்தியம் பாக்கீக?"

"மாப்பிள்ளைக்கு ஒண்ணும் இல்ல. நான் தாத்தாவப் பாக்க வந்தவ."

"கல்யாணத்துக்கு முன்னாடியே துரியனோட வந்திருக்கீக. எங்களுக்கு மறைமுகமாச் சொல்லுதீகளா? குறை இருக்கு, பின்னாடி கேக்கக் கூடாதுன்னு?"

அண்ணாச்சிக்கு அந்தப் பழம் எதற்கு என்பதே தெரியாது, அதன் நாற்றமும் தெரியாது, அவருக்கு வாசனையே கிடையாது என்றேன். ரகசியம் அவருடையதுதான். ஆனால் ஒரு கல்யாணம் நிற்கப் போகிற இடத்தில் மூக்கை மூடி மறைக்க முடியாது. ஞானசுந்தரி நம்பவில்லை.

"அந்த மூக்கா? எங்க கடை மல்லித்தூளையே போன வருசம் மோந்து பாத்துப் பழசுன்னு சொன்ன மூக்கு."

"உங்க வீட்டுக்காரர் முகத்தப் பாத்துச் சொல்லியிருப்பாக. கண்ண மூடச் சொல்லிக் கேட்டுப் பாருங்க."

அவள் கெட்டிக்காரி. கூடத்துக்கு வந்து, பழத்தை அரிவாள்மணையில் பிளந்து, ஒரு சுளையைத் தட்டில் எடுத்தாள். அதற்குள் பாதிப் பேர் வாசலுக்குப் போய்விட்டார்கள்.

"மாமா, நீங்க வாசனை பாத்துச் சொன்னாத்தான் எங்களுக்குத் திருப்தி. கண்ண மூடிக்கிட்டு நிதானமாச் சொல்லுங்க."

அண்ணாச்சிக்கு என்னைப் பார்க்கக்கூட நேரம் இல்லை. கண்ணை மூடினார். சுளையை மூக்குக்கு நேரே பிடித்தாள். நெஞ்சு நிறைய இழுத்தார். முகத்தில் அப்படி ஒரு ரசனை.

"மல்கோவா," என்றார். "காம்புப் பக்கம் நல்லாக் கனிஞ்சிருக்கு."

ஞானசுந்தரி தட்டைக் கீழே வைத்துவிட்டு வெறுங்கையை நீட்டினாள். "இது மாமா?"

மறுபடியும் இழுத்தார். கொஞ்சம் யோசித்தார். "ரோசாப்பூ. பன்னீர் ரோசா."

கூடத்தில் மிச்சம் இருந்தவர்கள் எட்டி அந்த வெறுங்கையைப் பார்த்தார்கள். பிறகு உள்ளறைக் கதவுக்குப் பின்னாலிருந்து கீர்த்திகா சிரித்துவிட்டாள். அண்ணாச்சி கண்ணைத் திறந்தார். எதிரே வெறுங்கை. சுற்றிலும் முகங்கள். முகம் படிக்கத் தெரிந்தவர் அல்லவா, ஒரே பார்வையில் எல்லாம் விளங்கிவிட்டது. தன் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

"மூக்கு செத்து வருசக்கணக்காச்சு தாயி. இந்தப் பழத்துல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது. ராஜான்னு போட்டிருந்தது, வாங்கிட்டேன்." கொஞ்சம் நிறுத்தி, "போட்டதும் நாந்தான்," என்றார்.

மணிகண்டராஜ் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். யோகேஸ்வரி, இத்தனை வருஷம் சாம்பாரை இறக்காமல் வைத்துவிட்டு இவரிடம் கரண்டியோடு வந்து நின்றதை நினைத்திருப்பாள். அவள் முகம் அப்படித்தான் இருந்தது. நான் போய் அந்தப் பழம் எதற்கென்று அவர் காதில் சொன்னேன். கேட்டதும் அவர் தருண்குமாரைத்தான் பார்த்தார்.

ஞானசுந்தரிக்குக் கோபம் போய்விட்டது. ஆனாலும் ஊர் இருக்கிறதே. தெருவில் பாதிப் பேர் மூக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். இது என்ன பழம், யாருக்கு வந்தது என்று கேட்டால் என்ன சொல்லுவது என்றாள். அந்த நேரம் பார்த்து தருண்குமார், இதைச் சாப்பிட்டுப் பார்க்கலாமா என்று கையை நீட்டினான். யோகேஸ்வரி அவன் கையில் ஓங்கி ஒன்று போட்டாள். அந்தச் சுளையை எவர் தொட்டாலும் குறை அவருடையதாகிவிடும். கூடத்தில் இருந்த கல்யாணமான ஆண்களெல்லாம் ஒரு அடி பின்னால் நகர்ந்தார்கள்.

"இங்கிட்டுக் கொண்டா," என்றார் அண்ணாச்சி. "எனக்கு வந்த பழம்னு சொல்லுங்க. நான் திங்கேன்."

"ஊர் சிரிக்குமே மாமா," என்றாள் ஞானசுந்தரி.

"என்னப் பாத்துச் சிரிக்கட்டும். எம்புட்டுச் சிரிச்சாலும் எனக்குப் பொண்ணு பாக்கப் போறதில்ல."

சர்க்கரையை நினைத்து நான் ஒரு சுளையோடு நிறுத்தினேன். வாசலில் நிற்பவர்களுக்குத் தெரிகிற மாதிரி நாற்காலியை வாசல் பக்கம் திருப்பச் சொல்லி, அதைச் சப்புக்கொட்டிச் சாப்பிட்டார். வெண்ணெயும் வெல்லமும் மாதிரி இருக்கிறது, இதையா இப்படித் திட்டுகிறீர்கள் என்றார். இன்னொன்று கேட்டார், கொடுக்கவில்லை. பழத்தோட்டில் தண்ணீர் ஊற்றிக் கை கழுவினால் நாற்றம் போகும் என்று குற்றாலம் போய் வந்தவர்கள் சொல்லியிருந்தார்கள். ஊற்றிப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் போனதாகத் தெரியவில்லை. எலுமிச்சம்பழமும் சோப்பும் போட்ட பிறகுதான் போயிற்று.

கூடத்தில் இனி இருக்க முடியாது என்பதால், சாப்பாட்டுக்காகத் தெருவில் போட்டிருந்த பந்தலுக்கு ஜமக்காளத்தை மாற்றி, அங்கேயும் எட்டி வந்த நாற்றத்துக்கு நடுவே தாம்பூலம் மாற்றிக்கொண்டார்கள். கேசரி பரிமாறினார்கள். தருண்குமார் இரண்டாம் தடவை கேட்பதற்கு முன்பே கீர்த்திகா கொண்டுவரச் சொல்லிவிட்டாள். அன்று மாலை அண்ணாச்சியின் சர்க்கரை ஏறியிருந்தது. டாக்டரிடம் போனில் சொல்லி, சொன்னபடி பார்த்துக்கொண்டேன். அதில் கவலைப்பட ஒன்றும் இல்லை.

அடுத்த வாரம் பஜார் முழுக்க, சங்கரலிங்கம் அண்ணாச்சிக்குப் பெண் பார்க்கிறார்கள் என்று பேச்சு. தருண்குமாரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. காளீஸ்வரன், எனக்கு அப்போதே தெரியும் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தான். அண்ணாச்சி யாரையும் மறுக்கவில்லை. நல்ல இடமாக இருந்தால் சொல்லுங்கள் என்பார்.

அழகுமீனா கேள்விப்பட்டு ஓடி வந்தாள். துரியன் வைத்த இடத்தில் கல்யாணம் கூடியிருக்கிறது, அதனால் புது லேபிளில் 'திருமணத் தடை நீங்கும்' என்று ஒரு வரி சேர்க்க வேண்டும் என்றாள். அண்ணாச்சி தன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, மூக்கு திரும்ப வரும் என்று போடட்டுமா, நானே சாட்சி சொல்லுகிறேன் என்றார். அவள் டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மாத்திரையையும் அதோடு நிறுத்திவிட்டோம்.

யோகேஸ்வரி இப்போது சாம்பாரைத் தானே மோந்து பார்த்து இறக்குகிறாள். அடுக்களையிலிருந்து என்ன வாசனை வருகிறது என்று அண்ணாச்சி என்னிடம் கேட்பார். சொல்லுவேன். சில சமயம் அவர் கேட்கும் முன்பே சொல்லிவிடுவேன், நடக்க வைக்கிற நேரத்தில் பேச்சு வளராமல் இருக்கும்.

நிச்சயதார்த்தப் போட்டோவை அவருடைய அச்சகத்திலேயே பெரிதாக அடித்து அண்ணாச்சி வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார்கள். இரண்டு வீட்டு ஆட்களும் வரிசையாக நிற்கிறார்கள். பாதிப் பேர் முந்தானையாலும் கைக்குட்டையாலும் மூக்கைப் பொத்தியிருக்கிறார்கள், மீதிப் பேர் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பது கன்னத்தில் தெரிகிறது. நடுவில் வாக்கரைப் பிடித்துக்கொண்டு அண்ணாச்சி மட்டும் பல் தெரியச் சிரிக்கிறார்.